ஹைப்ரிடா, பெட்ரோலா: மிதித்தால் எது பாயும்?

கேள்வி: கிராண்ட் விட்டாராவில் ஸ்ட்ராங் ஹைப்ரிட், மைல்ட் ஹைப்ரிட் இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். சிக்னலில் ஹைப்ரிட் பாய்கிறது. பைபாஸில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எது உண்மை? (ஈரோடு)

இரண்டுமே உண்மை. மைல்ட் ஹைப்ரிடில் மோட்டார் எஞ்சினுக்குச் சிறு உதவி மட்டுமே செய்யும்; பெயர் அப்படி இருந்தாலும் அதைப் பெட்ரோல் வண்டியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். 1,462 சிசி, நான்கு சிலிண்டர், 103 பிஎஸ் (குதிரைத்திறன்). 136.8 நியூட்டன் மீட்டர் டார்க்கும் (சுழற்றும் விசை) 4,400 ஆர்பிஎம்-மில்தான் முழுதாக வரும். ஸ்ட்ராங் ஹைப்ரிடில் 1,490 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சின் 92 பிஎஸ் தருகிறது. அதோடு சக்கரத்தைத் தானே சுழற்றக்கூடிய 141 நியூட்டன் மீட்டர் மின் மோட்டார் ஒன்று. அந்த 141-ம் சக்கரம் அசையத் தொடங்கும்போதே கிடைத்துவிடும். கிளட்ச் விட வேண்டாம், கியர் மாற்ற வேண்டாம். அதனால் 50, 60 கி.மீ. வேகம் வரை ஹைப்ரிட் முந்துவது நிச்சயம்.

வேகம் ஏற ஏறக் கணக்கு பவருக்கும் எடைக்கும் போய்விடும். ஹைப்ரிட் எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்து 116 பிஎஸ், சுமார் 1,290 கிலோ; மைல்ட் மேனுவல் 103 பிஎஸ், சுமார் 1,200 கிலோ. டன்னுக்கு 90 பிஎஸ், 86 பிஎஸ். இவ்வளவுதான் வித்தியாசம். நூறைத் தொட இரண்டுக்குமே 12 வினாடிக்கு அக்கம்பக்கம் ஆகும். மைல்ட் 6 ஸ்பீடு ஆட்டோமேட்டிக் இவற்றுக்குப் பின்னால்தான் வரும். டொயோட்டா ஹைரைடரிலும் இதே எஞ்சின்கள்தான், பதிலும் இதேதான்.

கேள்வி: எஞ்சின் 92, மோட்டார் 80. கூட்டினால் 172 வர வேண்டுமே, 116 என்று போடுகிறார்களே? ஏமாற்று வேலையா? (திருச்சி)

இல்லை. மோட்டாரின் 80 பிஎஸ் என்பது அந்த மோட்டாரால் தாங்க முடிந்த அளவு. அதற்கு மின்சாரம் எங்கிருந்தோ வர வேண்டும். ஒரு பங்கு பேட்டரியிலிருந்து வருகிறது. மறு பங்கு, எஞ்சினே ஜெனரேட்டரைச் சுற்றித் தரும் மின்சாரம். அதை எஞ்சின் கணக்கில் ஏற்கெனவே சேர்த்தாயிற்று. புதிதாகச் சேர்வது பேட்டரி தருவது மட்டும்: 116-ல் 92 போக 24 பிஎஸ், அதாவது 17, 18 கிலோவாட்.

பேட்டரியோ வெறும் 0.76 கிலோவாட் மணி. முழுவதையும் உறிஞ்சினாலே இந்த வேகத்தில் மூன்று நிமிடம் தாங்காது. சிஸ்டம் அதன் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்துவதால் அதில் பாதிகூடக் கிடைக்காது. பயம் வேண்டாம். 60-லிருந்து 100-க்கு ஏழு வினாடி மிதித்தால் பேட்டரியில் போவது 4, 5 சதவீதம். அடுத்த முறை வேகத்தைக் குறைக்கும்போது அதில் கணிசமான பங்கு திரும்பி வந்துவிடும்.

கேள்வி: குடும்பத்தோடு கொல்லிமலை, ஊட்டி போவோம். ஐந்து பேர், மூட்டை முடிச்சு. மலையில் பேட்டரி தீர்ந்தால் ஹைப்ரிட் திணறுமா? (நாமக்கல்)

ஆளும் சுமையும் சேர்த்து 1,700 கிலோ என்று வையுங்கள். 8 சதவீத ஏற்றத்தில் 40 கி.மீ. வேகத்தில் ஏறத் தேவை 25 பிஎஸ் அளவுதான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அதற்கு மேல் யாரும் விரட்டப் போவதில்லை. எஞ்சினிடம் 92 இருக்கிறது, ஏறிக்கொண்டே பேட்டரியையும் நிரப்பும். வளைவு முடிந்து மறுபடி வேகம் எடுக்கும் இடத்தில் மோட்டாரின் டார்க் கை கொடுக்கும். மேனுவலில் அதே இடத்தில் முதல் கியரா, இரண்டாவதா என்று தடுமாறுவோம். திணறல் வருவது, பஸ், லாரி என்று ஒவ்வொன்றாக முழு மிதியில் முந்திக்கொண்டே போனால்தான்.

ஊட்டியில் இன்னொன்று சேர்கிறது. 2,240 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ (காற்றை அழுத்தி ஊட்டும் கருவி) இல்லாத எஞ்சின்கள் அதே அளவு பவர் இழக்கும். 103 என்பது 82 ஆகிவிடும். ஹைப்ரிடின் 92, 74 ஆகும். ஆனால் பேட்டரியின் 24-க்கு காற்று தேவையில்லை, ஆக 98. சமவெளியில் ஒட்டியே ஓடிய இரண்டு வண்டிகளும் ஊட்டியில் விலகிவிடும்.

இறங்கும்போது லீவரை 'B'யில் (எஞ்சின் பிரேக்; பார்க்கிங் 'P' அல்ல) போடுங்கள். பேட்டரி நிரம்பியபின் எஞ்சின் இரையும், அது பழுதல்ல.

கேள்வி: முந்தும்போது எஞ்சின் கத்துகிறது, வண்டி அதே வேகத்தில் ஏறுவதில்லை. கியர்பாக்ஸ் கோளாறா? (தேனி)

கோளாறு இல்லை. ஹைப்ரிடின் கியர்பாக்ஸுக்கு உள்ள இ-சிவிடி என்ற பெயரைப் பார்த்து பெல்ட் இருக்கும் என்று நினைக்க வேண்டாம், உள்ளே இருப்பது கிரக பல்சக்கரத் தொகுதி. முழு மிதியில் அது எஞ்சினை நேராக அதிக பவர் தரும் ஆர்பிஎம்-முக்குக் கொண்டுபோய் அங்கேயே நிறுத்தும். சத்தம் முதலில் உச்சம் தொடும், வேகம் பின்னால் வரும். காதை நம்பாமல் மீட்டரைப் பாருங்கள்.

'பவர்' மோடு உச்ச வேகமெடுப்பைக் கூட்டாது, பெடலின் கூர்மையை மட்டும் மாற்றும். சிக்கனத்துக்கான 'ஈகோ' (Eco) மோடிலும் தரையோடு மிதித்தால் அதே பவர்தான். இருவழிச் சாலையில் நீங்களும் எதிர் வண்டியும் 80-ல் வந்தால் ஒவ்வொரு வினாடிக்கும் இடைவெளி 44 மீட்டர் சுருங்கும். மெல்ல மெல்ல மிதித்து முந்தாதீர்கள். இடம் தெரிந்தால் முழுதாக மிதியுங்கள், தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: கிரெட்டா 1.5 டர்போவோடு ஒப்பிட்டால்? (கோவை)

போட்டியே இல்லை. 160 பிஎஸ், 253 நியூட்டன் மீட்டர், நூறுக்கு 8.9 வினாடி என்கிறது ஹூண்டாய். கியா செல்டோஸ் டர்போவிலும் இதே எஞ்சின்தான். ஆனால் அதன் 7 ஸ்பீடு டிசிடி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) உலர் கிளட்ச் வகை, ஊர்ந்து போகும் நெரிசலில் சூடாகும். தினமும் நகர நெரிசல் என்றால் ஹைப்ரிட், வாரம் தோறும் நான்குவழிச் சாலை என்றால் டர்போ.

கேள்வி: அமெரிக்காவில் டொயோட்டா ஆர்ஏவி4 பார்க்கிறோம். அங்கும் இப்படித்தானா? (நியூஜெர்சி)

2025 மாடலில் பெட்ரோல் 203 குதிரைத்திறன், ஹைப்ரிட் 219. நேர்கோட்டில் ஹைப்ரிடே வேகம். 2026 மாடலில் வெறும் பெட்ரோலையே நிறுத்திவிட்டார்கள். அங்குள்ள பத்திரிகைகளின் 0-60 மைல் எண்ணை நம் ஊர் 0-100-ஓடு ஒப்பிடாதீர்கள். 60 மைல் என்பது 96.6 கி.மீ.தான். பலர் முதல் ஓர் அடி நகர்வைக் கணக்கில் சேர்ப்பதும் இல்லை.

கேள்வி: போன் செயலியில் அளந்தால் ஒவ்வொரு தடவையும் வேறு எண் வருகிறது. (சென்னை)

போன் ஜிபிஎஸ் பெரும்பாலும் வினாடிக்கு ஒரு முறைதான் இடம் பதியும். வினாடிக்கு 10 முறை பதியும் தனி ரிசீவர் வேண்டும். வண்டியின் மீட்டரை நம்பாதீர்கள், அது கூட்டிக் காட்டும். டயர் குளிர்ந்திருக்கும்போது ஸ்டிக்கரில் உள்ள அழுத்தம், அரை டேங்க் பெட்ரோல், ஏசி நிறுத்தம். ஒரே தடத்தில் இரு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுங்கள். ஹைப்ரிட் என்றால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் பேட்டரி கட்டங்கள் சமமாக இருக்க வேண்டும். பொதுச்சாலையில் வேண்டாம், இருங்காட்டுக்கோட்டை டிராக் இருக்கிறது.

கேள்வி: மூன்று வருட ஹைப்ரிட், வெயில் காலத்தில் மந்தமாகிறது. (வேலூர்)

முதலில் பேட்டரிக்குக் காற்று போகும் துவாரத்தைப் பாருங்கள். இடம் கையேட்டில் இருக்கும். பையோ துணியோ மறைத்தாலும், உள்ளே ஃபில்டரில் தூசி அடைத்தாலும் பேட்டரி சூடாகும். சிஸ்டம் அதன் பவரைக் குறைத்துவிடும். வெயிலில் நிறுத்திய வண்டியை எடுத்ததும் ஐந்து நிமிடம் ஏசி போட்டு ஓட்டியபின் விரட்டுங்கள். அப்போதும் மந்தம் என்றால் சர்வீஸில் பேட்டரி வெப்பநிலையையும் செல் வோல்டேஜ் வித்தியாசத்தையும் ஸ்கேனரில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.