அப்பாவுக்கு மூடியிருந்த நாடு, அம்மாவுக்குத் திறந்த நாடு

கேள்வி: சுதந்திரச் சந்தையும் கட்டுப்பாடுகளைத் தளர்த்துவதும் சாதாரண மக்களுக்கு நன்மை செய்கிறதா, கெடுதல் செய்கிறதா?

எங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்கு ஐம்பது வருடமாக இரண்டு பதில் இருக்கிறது. அப்பா யாழ்ப்பாணத்து நீர்வேலியில் தோட்டம் செய்தவர். இலங்கையில் 1970 முதல் 1977 வரை நடந்த, இறக்குமதியை இறுக்கிய சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஆட்சியை இன்றைக்கும் ஆசையாகத்தான் கதைப்பார். அந்தக் காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்நியச் செலாவணி தட்டுப்பட்டதால் அரசு செத்தல் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. அந்த இடைவெளியை யாழ்ப்பாணத்துச் செம்மண் நிரப்பியது. படித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்த பெடியள் விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம் போய்க் காடு வெட்டி மிளகாய் நட்டார்கள். எங்கள் வீட்டின் முன் அறையும் விறாந்தையும் மிளகாய்க் காசில் கட்டியவை. கமக்காரனைப் பெண் வீட்டார் தேடி வந்த காலம் அது என்று அப்பா சொல்வார்.

அம்மா சொல்வதும் அதே வருடங்களைத்தான். விடிய நாலு மணிக்குப் பாண் வரிசை. சங்கக்கடை என்ற கூட்டுறவுக் கடையில் கூப்பனுக்குக் கிடைத்த அளவுதான் அரிசி, சீனி. வன்னியில் சொந்தக்காரர் வீட்டில் நெல் மூட்டை மூட்டையாக இருந்தாலும், அளவுக்கு மேல் அரிசி கொண்டுவந்தால் வழியில் பொலிஸ் மறித்துப் பறித்துவிடும். மரவள்ளிக் கிழங்கும் ஒடியல் பிட்டுமாக நாட்கள் போயின. "எங்களுக்கெண்டாலும் மிளகாய் வித்த காசு இருந்தது. வேலிக்கு அங்கால கூலிக்குப் போனதுகளுக்கு என்ன இருந்தது?" என்று ஒருமுறை கேட்டார். அப்பாவிடம் பதில் இருக்கவில்லை. என்னிடமும் இல்லை.

1977 யூலையில் ஜே. ஆர். ஜயவர்தன ஆட்சிக்கு வந்தார். அந்த வருடக் கடைசியில் வந்த வரவுசெலவுத் திட்டத்தோடு நாடு திறந்தது. கடைகளில் துணி வந்தது, வானொலிப் பெட்டி வந்தது, பாண் வரிசை போனது. அம்மாவுக்கு மூச்சு வந்தது. கூடவே இறக்குமதி மிளகாயும் வெங்காயமும் வந்தன. மிளகாயை நம்பிக் கடன்பட்டுக் கிணறு வெட்டியவர்களுக்கு மாறிக்கொள்ள ஒரு போகம்கூட அவகாசம் கிடைக்கவில்லை. திறந்தது பிழை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பத்து வருடத் தொழிலை ஒரு பட்ஜெட்டில் வெளியே தள்ளியது பெரிய அநியாயம். களஞ்சியம் கட்டிக் கொடுத்து, கடனைத் தள்ளி வைத்து, இறக்குமதியைப் படிப்படியாக விட்டிருந்தால் அம்மாவுக்கும் பாண் கிடைத்திருக்கும், அப்பாவும் தப்பியிருப்பார்.

சந்தையையே பூட்டிவிட்டால் என்ன நடக்கும் என்று எங்கள் தலைமுறைக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 1990இல், போருக்குள் அரசு வடக்குக்குப் பொருளாதாரத் தடை போட்டபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. பற்றரி, மண்ணெண்ணெய், சவர்க்காரம், பசளை, சீமெந்து எல்லாம் தடை அல்லது தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, பஞ்சுத் திரியில் சின்னதாகச் சுடர் எரிய விட்டுப் படித்தோம். அந்த நாட்களிலும் பொருள் வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் சொன்னதுதான் விலை. 2002இல் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்து லொறிகள் வரத் தொடங்கியபோது சாமான்களின் விலை இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன். 2006 ஓகஸ்டில் பாதை பூட்ட, விலை திரும்ப ஏறியதையும் பார்த்தேன். அதனால் "சந்தையே வேண்டாம், எல்லாவற்றையும் அரசு பங்கிடட்டும்" என்று யாராவது சொன்னால் எனக்கு நெஞ்சு பதறும்.

சரி, திறந்துவிட்டால் போதுமா? போருக்குப் பிறகு இங்கே நடந்ததைப் பாருங்கள். வங்கிகளும் லீசிங் கொம்பனிகளும் நுண்கடன்காரரும் தெருவுக்குத் தெரு வந்தார்கள். ஐந்தாறு பெண்களை ஒரு குழுவாகச் சேர்த்து, ஒருவருக்கொருவர் பிணை வைத்து, கிழமைக்குக் கிழமை தவணை. என் மச்சாள் ஒருத்தி தையல் மெசினுக்கு என்று எடுத்த கடனை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்க மூன்றாவது என்று போனாள். தவணை தவறினால் காசு சேர்க்க வந்த பெடியன் இருட்டும் வரை முற்றத்தில் இருப்பான். குழுவில் இருந்த அயலட்டைப் பெண்களே கடைசியில் அவளோடு கதைக்காமல் விட்டார்கள். சந்தை, போட்டி எல்லாம் அங்கே தாராளமாக இருந்தது. கடனைக் கட்டுப்படுத்தும் சட்டம்தான் பிந்தி வந்தது. 2018இல்தான் நுண்கடன் வட்டிக்கு 35 வீதம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். வட்டியே 35 வீதம் வரை போகலாம் என்றால், அதற்கு முதல் எவ்வளவு வாங்கியிருப்பார்கள் என்று யோசியுங்கள்.

வரியைக் குறைத்தால் விலை குறையும் என்பார்கள். 2020 ஒக்டோபரில் சீனி இறக்குமதி வரியைக் கிலோவுக்கு 50 ரூபாயிலிருந்து 25 சதத்துக்கு இறக்கினார்கள். எங்கள் சந்திக்கடையில் சீனி விலை அசையவில்லை. இறக்குமதி சில கைகளுக்குள் இருந்தால் அப்படித்தான், அரசு விட்டுக் கொடுத்த காசு இடையிலேயே நின்றுவிடும். அதற்காகக் கட்டுப்பாடு எல்லாம் ஏழைக்கு நல்லது என்றும் நினைக்க வேண்டாம். 2021 மேயில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடுத்ததும் ஒரு கட்டுப்பாடுதான். யாரையும் கேட்காமல் போட்ட அந்தத் தடையைச் சில மாதங்களில் எடுத்தார்கள், ஆனால் பயிர் காத்திருக்கவில்லை.

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் போனது. மலிவு மண்ணெண்ணெயை டீசலோடு கலந்து வாகனம் ஓட்டினார்கள், மானியத்தின் பாரத்தை அரசால் தாங்க முடியவில்லை. காரணம் எனக்கும் விளங்குகிறது. ஆனால் குருநகரிலும் பாசையூரிலும் சின்னப் படகு வைத்திருப்பவர் அடுத்த நாள் கடலுக்குப் போக வேண்டுமே. விலையை ஏற்றும்போதே நிவாரணத்தையும் அவர் கையில் கொடுத்திருக்க வேண்டும். அதே கடற்கரைக்குத்தான் 2017இல் இழுவை மடித் தொழிலைத் தடை செய்த சட்டமும் தேவைப்பட்டது. அடிக்கடலை வாரி இழுக்கும் றோலரையும் கைவலைக்காரரையும் "போட்டி போடுங்கள்" என்று விட்டால் கொஞ்ச நாளில் இரண்டு பேருக்கும் மீன் இருக்காது.

ஆகவே யாராவது என்னிடம் திறப்பதா, பூட்டுவதா என்று கேட்டால், நான் முதலில் திரும்பக் கேட்பது இதுதான்: வாங்க எத்தனை பேர் நிற்கிறார்கள்? எங்கள் சந்தைகளில் 10 வீதக் கழிவு என்று ஒரு வழக்கம் இருக்கிறது. நூறு கிலோ கத்தரிக்காய் கொண்டுபோனால் தொண்ணூறு கிலோவுக்குத்தான் காசு. எந்தச் சட்டத்திலும் இல்லாத வழக்கம். நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தாலும் கொஞ்ச நாளில் திரும்பி வரும். விடிய ஐந்து மணிக்கு வாடத் தொடங்கும் மரக்கறியோடு நிற்கிறவன், கழிவு தரமாட்டேன் என்று எங்கே கொண்டுபோவான்? பெயருக்கு அது சுதந்திரச் சந்தை. அங்கே சுதந்திரம் வாங்குகிறவரிடம் மட்டும் இருக்கிறது.

அப்பாவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. தறையை அயலில் ஒரு தம்பி குத்தகைக்குச் செய்கிறான். போன போகம் அவனும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து, இரவிலேயே தம்புள்ளை மொத்தச் சந்தையின் விலையைப் போனில் கேட்டு, ஒரு லொறி பிடித்து வெங்காயத்தை நேரே அங்கே அனுப்பினார்கள். இங்கே வாங்குகிற முதலாளிக்குச் செய்தி போய்விட்டது. அடுத்த கிழமை அவர் தானே தோட்டத்துக்கு வந்து, கழிவைப் பற்றி ஒரு சொல்லும் எடுக்காமல், தராசை வைத்து நிறுத்தார். அப்பா வரம்பில் கதிரை போட்டு இருந்து, ஒவ்வொரு மூட்டையாக எண்ணிக்கொண்டிருந்தார்.