வாகனம்: கேள்வியும் பதிலும் – ஏர் எடுத்தும் எழாத கிளட்ச் பெடல்

கேள்வி: ஐயா, எனது காரில் கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் (பெடலிலிருந்து வரும் திரவ அழுத்தத்தால் கிளட்ச்சை இயக்கும் சிலிண்டர்) கசிந்ததால், ஜே.சி. ரோட்டில் புதிது வாங்கி, வீட்டருகே உள்ள மெக்கானிக்கிடம் கொடுத்து மாட்டினேன். பிரேக்குக்குச் செய்வதைப் போலவே ஒருவர் பெடலை அடித்து மிதிக்க, மற்றவர் சிலிண்டரிலுள்ள சிறு திருகுவாயான நிப்பிளைத் திறந்து பலமுறை ஏர் எடுத்தார்கள், அதாவது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றினார்கள். ஆனாலும் பெடல் தரையோடு படுத்துக்கொள்கிறது. கையால் தூக்கினால்தான் மேலே வருகிறது. சில்க் போர்டு நெரிசலில் முதல் கியர் விழவே மறுக்கிறது. புதிய சிலிண்டரிலேயே பழுதா?
– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: சிலிண்டரைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போகாதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் எல்லாம் குழாயில் இன்னும் காற்று தங்கியிருப்பதையே காட்டுகின்றன.

கிளட்ச் பெடலை ஒருமுறை முழுதாக மிதிக்கும்போது, பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டர் தள்ளும் திரவம் மிகவும் குறைவு. எடுத்துக்காட்டாக, 16 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டரில் பிஸ்டன் 30 மி.மீ. நகர்ந்தால் வெளியேறுவது ஏறக்குறைய 6 மில்லி லிட்டர்தான். அதில் 1 மில்லி லிட்டர் காற்று இருந்தாலும், திரவம் அழுத்தத்தைக் கடத்துவதற்கு முன் அந்தக் காற்று சுருங்கிவிடுவதால், பெடலின் பயணத்தில் ஆறில் ஒரு பங்கு வீணாகிறது; கிளட்ச் தட்டு முழுதாக விடுபடாமல் உரசிக்கொண்டே இருக்கிறது. கியர் விழாததற்குக் காரணம் இதுவே. பெடல் தானாக எழாததற்கும் இதுவே காரணம். பெடலை மேலே தள்ளுவது முதன்மையாகக் கிளட்ச் தட்டை அழுத்திப் பிடிக்கும் டயாபிரம் ஸ்பிரிங்கிலிருந்து திரவத்தின் வழியாகத் திரும்பி வரும் விசை. காற்று இடையில் இருந்தால் அது வந்து சேர்வதில்லை. போதாக்குறைக்கு, மிதிப்பதை இலகுவாக்கப் பல கார்களில் வைத்திருக்கும் உதவி ஸ்பிரிங், பாதிப் பயணத்துக்குப் பிறகு பெடலைக் கீழ்நோக்கியே இழுக்கும்.

பிரேக் முறையை அப்படியே இங்கே பின்பற்றியதில்தான் சிக்கல். வேகமாக அடித்து மிதித்தால் பெரிய குமிழி உடைந்து, கண்ணுக்குத் தெரியாத நுரையாகத் திரவமெங்கும் பரவிவிடும். ஒவ்வொரு மிதிக்கும் நகரும் திரவம் குறைவாக இருப்பதால், கீழ்நோக்கித் தள்ளப்பட்ட காற்று நிப்பிளை எட்டுவதற்குள் மீண்டும் குழாயில் மேலேறிவிடுவதும் உண்டு.

இன்னொன்றையும் உங்கள் மெக்கானிக் கவனித்தாரா என்று கேளுங்கள். பெரும்பாலான கார்களில் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் திரவத் தொட்டி ஒன்றுதான். கிளட்ச் குழாய் கசிந்தாலும் பிரேக்குக்குத் திரவம் மிஞ்ச வேண்டும் என்பதற்காக, கிளட்ச்சுக்குப் போகும் வாயைத் தொட்டியின் பக்கவாட்டில் சற்று உயரத்தில் வைத்திருப்பார்கள். ஆகவே தொட்டியில் பாதிக்குமேல் இருக்கிறதே என்று நம்பி ஏர் எடுத்துக்கொண்டிருக்கும்போதே, மேலேயுள்ள வாய் காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும். எத்தனை முறை எடுத்தாலும் ஏர் தீராத கார்களில் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். வேலை முடியும்வரை திரவம் மேல்கோட்டிலேயே நிற்கட்டும்.

அடுத்து, ஸ்லேவ் சிலிண்டரில் நிப்பிள் மேற்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். சில மாடல்களில் ஹோஸ் பொருந்தும் துளையும் நிப்பிள் துளையும் ஒரே மரையைக் கொண்டவை. மாற்றி மாட்டியிருந்தால் காற்று மேல்மூலையில் சிக்கிக்கொண்டு ஒருநாளும் வெளியே வராது.

உங்கள் காரில் ஸ்லேவ் சிலிண்டர் கியர் பாக்ஸுக்கு வெளியே இருப்பதால், எனக்குப் பிடித்த வழி இது. ஹோஸைக் கழற்றாமல், சிலிண்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை மட்டும் எடுத்துவிட்டு, ஹோஸ் சேரும் வாய் மேல்நோக்கி இருக்குமாறு சிலிண்டரைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். தொட்டியின் மூடியைத் திறந்து வைத்து, நிப்பிளை மூடியபடியே, சிலிண்டரின் பிஸ்டனோடு சேர்ந்த தண்டான புஷ் ராடைக் கட்டைவிரலால் மெதுவாக உள்ளே அழுத்தி மெதுவாக விடுங்கள். உள்ளிருக்கும் காற்று தான் இயல்பாகப் போக விரும்பும் திசையிலேயே, அதாவது மேல்நோக்கியே, தொட்டியில் குமிழியாக வெளியேறும். குமிழி நிற்கும்வரை இதைச் செய்யலாம். இந்த வேளையில் யாரும் பெடலைத் தொடக் கூடாது; தொட்டால் பிஸ்டன் சிலிண்டரை விட்டே வெளியே வந்துவிடும்.

அதன்பின் சிலிண்டரைப் பொருத்தி, நிப்பிளில் ஒளி ஊடுருவும் ட்யூபை மாட்டி, அதன் மறுமுனையைச் சிறிது திரவமுள்ள பாட்டிலில் மூழ்கவையுங்கள். ஒருவர் பெடலை நிதானமாக அழுத்த, மற்றவர் நிப்பிளைத் திறந்து, பெடல் அடியைத் தொட்டதும் மூடிவிட வேண்டும். மூடிய பிறகே பெடலைக் கையால் தூக்க வேண்டும்; தூக்கியதும் சில நொடிகள் காத்திருக்க வேண்டும். உதவிக்கு ஆள் இல்லையென்றால், மருந்துக் கடையில் கிடைக்கும் பெரிய சிரிஞ்சில் புதிய திரவத்தை நிரப்பி, நிப்பிள் வழியாகக் கீழிருந்து மேலே மெல்லச் செலுத்தலாம். தொட்டி நிரம்பி வழியாதபடி முன்பே கொஞ்சம் திரவத்தை எடுத்துவிட்டு, ஏறிவருவதைப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள்.

சரியாகிவிட்டதா என்பதை ரிவர்ஸ் கியர் சொல்லிவிடும். பல கார்களில் அதற்குச் சின்க்ரோமெஷ் (கியர் சக்கரங்களின் வேகத்தைச் சமமாக்கிச் சத்தமின்றி விழவைக்கும் அமைப்பு) கிடையாது. என்ஜின் ஐட்லிங்கில் இருக்கும்போது கிளட்ச்சை முழுதாக அழுத்தி, மூன்று நான்கு நொடிகள் பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள்; கரகரவென்று சத்தம் வந்தால் கிளட்ச் இன்னும் விடுபடவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் பெடல் மெத்தென்றிருந்தால், மேலும் ஏர் எடுத்துத் திரவத்தை வீணாக்க வேண்டாம். பெடலை அழுத்திப் பிடித்திருக்கும்போதே அது மெல்ல மெல்ல இறங்கினால், வெளியே கசிவு தெரியாவிட்டாலும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கப் தேய்ந்திருக்கிறது. ஒருவர் மிதிக்கும்போது ஹோஸ் விரலுக்குப் புடைப்பதாகத் தெரிந்தால் ஹோஸை மாற்ற வேண்டும்.

கேள்வி: கிளட்ச்சுக்கு எந்த ஆயில் ஊற்றினாலும் ஒன்றுதான் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, மர்ஃபி டவுன், பெங்களூரு

பதில்: இல்லை, அம்மா. தொட்டியின் மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று பிரேக் திரவத்தின் தரக் குறியீடு அச்சிட்டிருக்கும், அதையே ஊற்றுங்கள். என்ஜின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ பட்டால், இந்த அமைப்பிலுள்ள ரப்பர் கப்புகள் உப்பிக் கெட்டுவிடும். தொட்டி பொதுவாக இருந்தால் பிரேக்கும் சேர்ந்து கெடும். டாட் 5 என்பது சிலிக்கோன் திரவம், மற்றவற்றோடு கலக்கக் கூடாது. டாட் 5.1 பெயரளவில் அதற்கு நெருங்கியதாகத் தோன்றினாலும், டாட் 4-இன் இனத்தைச் சேர்ந்தது. இந்த இனத் திரவங்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுபவை. புதிய டாட் 4-இன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் அதற்கான குறைந்தபட்ச அளவு 155 டிகிரிதான். ஆகவே திறந்து நெடுநாளான பாட்டிலில் மிஞ்சியதை ஊற்ற வேண்டாம். பெயின்ட் மீது சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

கேள்வி: ஸ்லேவ் சிலிண்டர் மாற்றக் கியர் பாக்ஸையே இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். ஏமாற்றுகிறாரா?
– வாசகர், எலக்ட்ரானிக் சிட்டி, பெங்களூரு

பதில்: உங்கள் கார் அந்த வகையாக இருந்தால் அவர் சொல்வது சரி. சில கார்களில் ஸ்லேவ் சிலிண்டர், கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்குடன் ஒரே பாகமாக, கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்டைச் சுற்றி, கிளட்ச்சை மூடியிருக்கும் கூடான பெல் ஹவுசிங்குக்குள்ளே இருக்கிறது. அதை எட்டக் கியர் பாக்ஸை இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை. கூலியில் பெரும்பகுதி இறக்கி ஏற்றுவதற்கே போவதால், கிளட்ச் தட்டும் பிரஷர் பிளேட்டும் தேய்ந்திருந்தால் அப்போதே மாற்றிவிடுவது லாபம். ஒன்றை மட்டும் மெக்கானிக்கிடம் சொல்லி வையுங்கள்: கியர் பாக்ஸ் மீண்டும் பொருந்தும்வரை பெடலை மிதித்துப் பார்க்கக் கூடாது. எதிரே தாங்கிக்கொள்ளக் கிளட்ச் இல்லாதபோது, புதிய சிலிண்டரின் பிஸ்டன் அளவுக்கு மீறி வெளியே வந்து, சீல் அங்கேயே கிழிந்துவிடும்.