ஷெட்டில் 50 வோல்ட், ஏற்றத்தில் நடை வேகம்: பேட்டரி வண்டி ஏன் திணறுகிறது?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு தங்கும் விடுதியில் வண்டிகளைப் பார்த்துக்கொள்கிறேன். விருந்தினர்களை கேட்டிலிருந்து மேலே உள்ள காட்டேஜ்களுக்குக் கூட்டிப்போக, ஆறு பேர் உட்காரும் கோல்ஃப் கார்ட் ஒன்று வைத்திருக்கிறோம். 48 வோல்ட் வண்டி, 8 வோல்ட் பேட்டரி ஆறு. பேட்டரி மாற்றி இரண்டரை வருடம் ஆகிறது. டிசம்பரிலிருந்து வண்டி மெதுவாகிவிட்டது. சமதளத்தில் பரவாயில்லை. ஏற்றத்தில் ஆள் நடக்கும் வேகம்தான். சாயங்காலம் இன்னும் மோசம். காலையில் சார்ஜர் பச்சை விளக்கு காட்டுகிறது, மீட்டர் வைத்தால் 50 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது. ஒரு மெக்கானிக் கன்ட்ரோலர் போய்விட்டது என்கிறார். இன்னொருவர் மலை உயரத்தில் பவர் குறையத்தான் செய்யும் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இருவர் சொல்வதும் சரியாகத் தோன்றவில்லை. மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலருக்கு இப்போதைக்குப் பணம் கட்டாதீர்கள். உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது: சமதளத்தில் ஓடுகிறது, ஏற்றத்தில் திணறுகிறது, சாயங்காலம் கூடுதலாகத் திணறுகிறது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் பேட்டரி மேல், அடுத்தது பேட்டரிகளை இணைக்கும் கேபிள் மேல். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் அந்த உயரக் கதையை முடித்துவிடுவோம். பெட்ரோல் இன்ஜினுக்கு அது உண்மை. காற்று மெலிய மெலிய இன்ஜினின் சக்தி 1,000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் குறையும். மோட்டார் காற்றை எரித்து ஓடுவதில்லை, அதனால் கோத்தகிரியிலும் மேட்டுப்பாளையத்திலும் அதன் இழுவை ஒன்றுதான். மெலிந்த காற்றில் மோட்டாரும் கன்ட்ரோலரும் சூடு ஆறக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான். மலையில் பேட்டரி வண்டியைப் படுத்துவது உயரமல்ல, ஏற்றமும் குளிரும்.

ஏற்றம் என்ன செய்கிறது என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை மலை ரயில் பல்சக்கரம் வைத்து ஏறும் பாதையின் கடும் ஏற்றம் ஏறக்குறைய 12-க்கு 1. விடுதிகளுக்குள் போடும் கான்கிரீட் பாதைகள் பல இதைவிடச் செங்குத்தாக இருக்கும். ஆனாலும் 12-க்கு 1 என்றே வைத்துக்கொள்வோம். ஆட்களோடு சேர்த்து வண்டியின் எடை 1,000 கிலோ, வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர். சமதளத்தில் இதற்குச் சுமார் 20 ஆம்பியர் போதும். அதே வேகத்தில் அந்த ஏற்றத்தில் ஏற 110 ஆம்பியர் வரை இழுக்கும். ஐந்து மடங்குக்கும் மேல். பேட்டரியின் உள்ளே இருக்கும் நோயும், முடுக்காத நட்டும், உப்புப் பூத்த டெர்மினலும் 20 ஆம்பியரில் வெளியே தெரியாது. 110 ஆம்பியரில் ஒளிந்துகொள்ள முடியாது.

அதனால்தான் ஷெட்டில் நிற்கும் வண்டியில் மீட்டர் வைத்து '50 வோல்ட் இருக்கிறது, பேட்டரி நன்றாக இருக்கிறது' என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. சார்ஜரைக் கழற்றிய உடனே தெரியும் வோல்ட், மேலோட்டமாக ஏறி நிற்கும் வோல்ட். நாலைந்து மணி நேரம் வண்டியைத் தொடாமல் விட்டு அப்புறம் அளங்கள். முழு சார்ஜில் உள்ள ஆறு பேட்டரி சேர்ந்து 51 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். தனித்தனியாக 8.5. இன்னொன்றையும் கவனியுங்கள்: வண்டியின் பெயர் 48 வோல்ட் என்பதால் மீட்டரில் 48 வந்தால் போதும் என்று பல டிரைவர்கள் நினைக்கிறார்கள். ஓய்வில் 48 காட்டும் பேட்டரியில் பாதி சார்ஜ்கூட இல்லை. அந்த நிலையில் ஏற்றத்தில் ஏற்றுவது பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும் வேலை.

இது முதல் படிதான். உண்மையான சோதனை ஏற்றத்தில். பேட்டரிகள் சீட்டுக்கு அடியில் இருப்பதால் ஓடும்போது மீட்டர் முனையைக் கையில் பிடித்து அளக்க முடியாது, முயற்சியும் செய்ய வேண்டாம். ஒவ்வொரு பேட்டரியின் இரு முனையிலிருந்தும், முனைக்குப் பக்கத்திலேயே சின்ன ஃபியூஸ் வைத்த மெல்லிய வயரைக் கிளிப் போட்டு வெளியே இழுத்துவிடுங்கள். ஒருவர் ஓட்டட்டும், இன்னொருவர் பின் சீட்டில் உட்கார்ந்து மீட்டரைப் படித்து எழுதட்டும். வழக்கமாக ஏறும் ஆட்களின் எடைக்கு ஈடாக மணல் மூட்டையோ ஆட்களோ இருக்க வேண்டும், காலி வண்டியில் சோதித்துப் பயனில்லை. ஒரே ஏற்றத்தில், ஒரே இடத்தில், ஆறு பேட்டரிக்கும் ஒவ்வொரு முறை.

வரும் எண்களை இப்படிப் படிக்க வேண்டும். ஐந்து பேட்டரி 7.6, 7.7 என்று ஒட்டி நிற்க, ஒன்று மட்டும் 6.5-க்குச் சரிந்தால் குற்றவாளி அதுதான். அதன் உள்ளே ஒரு செல் போயிருக்கலாம். ஆறும் சேர்ந்து 7 வோல்ட்டுக்குப் போனால் மொத்த செட்டும் தேய்ந்திருக்கிறது, அல்லது முழுதாக சார்ஜ் ஆகவில்லை. 7 என்றால் மொத்தம் 42. அந்த எல்லையை ஒட்டி வரும்போது பெரும்பாலான கன்ட்ரோலர்கள் பேட்டரியைக் காப்பாற்றத் தாமாகவே கரண்டைக் குறைக்கத் தொடங்கும். வெளியே பார்ப்பவருக்குக் கன்ட்ரோலர் வேலை செய்யவில்லை என்று தோன்றும். உண்மையில் அது தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது. உங்கள் மெக்கானிக்கும் இதைப் பார்த்துத்தான் அப்படிச் சொல்லியிருப்பார்.

ஆறு பேட்டரியும் ஏற்றத்தில் 7.7 காட்டி, வண்டி அப்போதும் தவழ்ந்தால், சந்தேகத்தைக் கேபிளுக்கு மாற்றுங்கள். ஒரு பேட்டரியின் ஈய முனையிலும், அதே கேபிள் போய்ச் சேரும் அடுத்த பேட்டரியின் ஈய முனையிலும் மீட்டரை வையுங்கள். ஏறும்போது 0.2 வோல்ட்டைத் தாண்டினால் அந்த இணைப்பு சரியில்லை. 0.02 ஓம் என்பது கண்ணுக்கே தெரியாத தடை. ஆனால் 110 ஆம்பியர் போகும்போது அது 2.2 வோல்ட்டைத் தின்றுவிடும், அந்த ஒரே நட்டில் 240 வாட் சூடு கிளம்பும். மீட்டர் இல்லாமலேகூட இதன் தடயம் தெரியும். மாசிப்பனி படிந்த ஷெட்டில் நிற்கும் வண்டிகளில் டெர்மினலைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாக மாவு போலப் பூத்திருக்கும். அதைச் சுரண்டிவிட்டுப் பாருங்கள்: ஈய முனையின் விளிம்பு வழவழவென்று உருகி வழிந்த மாதிரி இருந்தால், கேபிளின் ரப்பர் முனைப் பக்கம் சுருங்கிக் கறுத்திருந்தால், அந்த இணைப்பு பல மாதமாகச் சூடேறிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். கழற்றி, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, காய்ந்ததும் முடுக்கி, மேலே வாஸ்லின் தடவுங்கள். கழுவும்போது பேட்டரி மூடிகள் இறுக மூடியிருக்கட்டும், சோடாத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது. கேபிள் உள்ளே பச்சை ஏறியிருந்தால் சுத்தம் செய்து பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

இந்த வேலைக்கு முன் சாவியை எடுத்து, ரன்–டோ சுவிட்ச் (ஓட்டவா, இழுத்துச் செல்லவா என்று மாற்றும் சுவிட்ச்) இருந்தால் டோவில் வைத்து, மோதிரம், வளையல், இரும்புக் கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். ஸ்பானர் இரண்டு முனையைச் சேர்த்துத் தொட்டால் பொறி பறக்கும், சார்ஜ் ஆன பேட்டரி மேல் எளிதில் தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் நிற்கும். கண்ணாடி போடாமல் யாரும் குனியக் கூடாது. ஆசிட் கண்ணில் பட்டால் கண் போகும்.

இப்போது குளிருக்கு வருவோம். டிசம்பரில் தொடங்கியது என்று நீங்கள் எழுதியதை நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். ஈய-ஆசிட் பேட்டரியின் கொள்ளளவு 27 டிகிரி வெப்பத்தை வைத்துச் சொல்லப்படுவது. 10 டிகிரியில் சுமார் 15 சதவீதம் குறைந்துவிடும். அது மட்டும் என்றால் வெயில் வந்ததும் சரியாகிவிடும். பெரிய கெடுதல் சார்ஜ் ஏறும்போது நடக்கிறது. குளிர்ந்த பேட்டரி நிறைய, கூடுதல் வோல்ட் தேவை. ஒரு செல்லுக்கு ஒரு டிகிரிக்கு 5 மில்லிவோல்ட் வீதம், ஆறு பேட்டரியிலும் சேர்த்து 24 செல்லுக்கு, 15 டிகிரி குறைந்தால் மொத்தம் 1.8 வோல்ட் ஏற்றிக் கொடுக்க வேண்டும். வெப்பத்தை உணர்ந்து வோல்ட்டை மாற்றிக்கொள்ளும் வசதி இல்லாத சார்ஜர், சமவெளிக்கு வைத்த அளவிலேயே நின்று, பச்சை விளக்கைப் போட்டுவிடும். பேட்டரியோ நிறைந்திருக்காது. இப்படி ஒவ்வொரு ராத்திரியும் கொஞ்சம் கொஞ்சம் குறையாக விட்டால், தகட்டில் சல்பேட் படிந்து இறுகும். பிறகு வெயில் காலத்திலும் அந்தக் கொள்ளளவு திரும்பாது. நடுராத்திரியில் கரண்ட் போய்வரும் நாட்களில் சில சார்ஜர்கள் பாதியிலேயே நின்றுவிடுவதும் உண்டு.

பச்சை விளக்கை நம்பாமல், ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை நம்புங்கள். விலை அதிகமில்லை. 24 செல்லிலும் ஆசிட்டை உறிஞ்சிப் பாருங்கள். 1.265-க்கு மேல் இருந்தால் நிறைந்திருக்கிறது. ஆசிட் 12 டிகிரியில் இருந்தால், மீட்டர் காட்டுவதிலிருந்து 0.011 கழித்துக்கொள்ள வேண்டும், மலையில் இதை மறந்தால் கணக்குத் தப்பும். ஒரே பேட்டரியில் ஒரு செல்லுக்கும் இன்னொன்றுக்கும் 0.050-க்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்த செல் போய்விட்டது. எல்லா செல்லும் ஒரே மாதிரி குறைவாக இருந்தால் நல்ல செய்திதான்: ஈக்வலைஸ் வசதி (எல்லா செல்லையும் சமமாக நிறைக்கும் கூடுதல் சார்ஜ்) உள்ள சார்ஜரில் நீண்ட நேரம் சார்ஜ் ஏற்றினால் கணிசமாகத் தேறி வரும்.

அப்படியே மூடியைத் திறந்த கையோடு தண்ணீரையும் பாருங்கள். தகடு வெளியே தெரிந்தால், அது மூழ்கும் அளவு மட்டும் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி சார்ஜ் போட்டு, சார்ஜ் முடிந்த பிறகு மீதியை நிரப்புங்கள். முதலிலேயே நிரப்பினால் பொங்கி வழியும். மலை ஊற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வேண்டாம்.

சார்ஜ் போடும் நேரத்தை மாற்றினாலே கொஞ்சம் பலன் கிடைக்கும். கடைசி டிரிப் முடிந்ததும், பேட்டரி இன்னும் கதகதப்பாக இருக்கும்போதே பிளக்கைச் செருகுங்கள். சாப்பிட்டுவிட்டு வந்து பத்து மணிக்குப் போடுவோம் என்று விட்டால் ஆறிப்போய்விடும். ஷெட்டின் காற்று வரும் பக்கத்தைத் தடுக்கலாம், ஆனால் மேலே திறப்பு இருக்கட்டும். ஹைட்ரஜன் மேல் நோக்கிப் போகும் வாயு.

மற்றவை சீக்கிரம் முடிந்துவிடும். டயர் காற்று 20 பிஎஸ்ஐ ஒட்டி இருக்கிறதா பாருங்கள், டயர் பக்கவாட்டில் எழுதியிருப்பதைத் தாண்ட வேண்டாம். ஈரத்தில் ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்து முழுதாக விடாமல் பிடித்துக்கொள்வது மலையில் சாதாரணம். முன் சக்கரத்துக்குக் கல் வைத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். உரசல் சத்தம் வந்தாலோ, ஓடி வந்தபின் ஒரு டிரம் மட்டும் கொதித்தாலோ பிரேக்கைச் சரிசெய்யுங்கள். பேட்டரி கரண்டை இணைத்துத் துண்டிக்கும் பெரிய சுவிட்சான சோலினாய்டின் இரண்டு பெரிய முனைகளுக்கு நடுவே, வண்டி ஏறும்போது வோல்ட் ஏறக்குறைய பூஜ்யமாக இருக்க வேண்டும். அரை வோல்ட் காட்டினால் உள்ளே கருகியிருக்கிறது. அதன் விலை கன்ட்ரோலர் விலையில் சிறு பங்குதான்.

ஆக்ஸிலரேட்டர் சென்சார், மோட்டார் முனையில் உள்ள ஸ்பீடு சென்சார் இரண்டில் எது கெட்டாலும் வண்டி சமதளத்திலும் மெதுவாகத்தான் போகும், காலை மாலை வித்தியாசம் இருக்காது. உங்கள் வண்டி அப்படி இல்லை, அதனால் அவற்றைக் கடைசியில் வைக்கிறேன். பெடலுக்கு அடியில் மேட் மடிந்து கிடக்கிறதா என்பதை மட்டும் இன்றே குனிந்து பாருங்கள். கன்ட்ரோலரின் அலுமினியத் துடுப்புகளில் சேறு அப்பியிருந்தால் துடைத்துவிடுங்கள். நீண்ட ஏற்றத்தில் சூடு தாங்காமல் அது கரண்டைக் குறைக்கும், கால் மணி நேரம் நின்றால் தானே சரியாகும். இத்தனையும் பார்த்து, பேட்டரி நல்ல எண் காட்டியும் மோட்டாருக்குக் கரண்ட் போகவில்லை என்றால்தான் கன்ட்ரோலர் பேச்சு.

சோதனையில் ஒரு பேட்டரி மட்டும் போனது என்று தெரிந்தால் அதை மட்டும் மாற்றலாமா என்று கேட்பீர்கள். ஒரு வருடத்துக்குள் உள்ள செட் என்றால் மாற்றலாம். இரண்டரை வருடச் செட்டில் புதியதை ஒன்று சேர்த்தால் பழைய ஐந்தும் அதை இழுத்துக் கெடுக்கும். ஓரளவு நல்ல நிலையில் உள்ள பழைய பேட்டரி ஒன்று அதே வகையில் கிடைத்தால் சில மாதம் ஓட்டலாம். இல்லையென்றால் ஆறையும் மாற்றப் பணம் ஒதுக்குவதே சரி.

அப்போது லித்தியம் போடலாமா என்ற பேச்சும் வரும். ஏற்றத்துக்கு அது உண்மையிலேயே நல்லது. ஒவ்வொன்றும் 30 கிலோவை ஒட்டிய ஆறு ஈய பேட்டரியின் எடை இறங்கும், ஏறும்போது வோல்ட்டும் அவ்வளவாகச் சரியாது. ஆனால் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது. ஊட்டி அருகே தலைக்குந்தா பக்கம் புல்வெளி வெளுக்கும் உறைபனி இரவுகளில் திறந்த ஷெட்டில் நிற்கும் வண்டியில் அதன் பாதுகாப்புச் சுற்று சார்ஜையே நிறுத்திவிடும். கோத்தகிரியில் உங்கள் ஷெட் பள்ளத்தில் பனி தங்கும் இடத்தில் இருந்தால், ஹீட்டர் உள்ள வகையாகக் கேட்டு வாங்குங்கள். சார்ஜரையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

இதெல்லாம் முடியும்வரை வண்டியில் நான்கு பேருக்கு மேல் ஏற்றாதீர்கள், பெட்டிகளைத் தனி டிரிப்பில் அனுப்புங்கள். ஏற்றத்தின் நடுவில் ஆள் ஏற நின்றால், ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தபடி வண்டியைப் பிடித்து வைக்கும் பழக்கம் டிரைவர்களிடம் உண்டு. சுழலாத மோட்டாரில் கரண்ட் ஒரே இடத்தில் பாய்ந்து, சுழலும் பகுதிக்குக் கரண்டைக் கொடுக்கும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரைச் சுட்டுவிடும். பிரேக்கில்தான் நிற்க வேண்டும். இறங்கும்போது சார்ஜ் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதைக் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள். மோட்டாரின் பிடி போய்விடும், ஆறு பேரின் எடையும் அந்தச் சின்ன டிரம் பிரேக்கின் மேல் விழும். மெதுவாகிவிட்டதே என்று ஸ்பீடு லிமிட்டை ஏற்றித் தருவதாக யாராவது சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏற்றத்தில் அதனால் ஒரு பயனும் இல்லை. கூடுவது இறக்கத்தின் வேகம்தான்.