கேள்வி–பதில்: ‘ரெடி ஆர் நாட்’ சொல்லாமல் விடும் கதை

வாய்ட் இன்டராக்டிவ் நிறுவனத்தின் ‘ரெடி ஆர் நாட்’, அமெரிக்க அதிரடிப்படை போலீஸ் விளையாட்டு. 2021 டிசம்பரில் அரைகுறைப் பதிப்பாகவும், 2023 டிசம்பர் 13 அன்று முழுமையாகவும் கணினிக்கு வந்தது. 2025 ஜூலையில் பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் கருவிகளுக்கும் வந்துவிட்டது. அதன் கதை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இங்கே. கதையின் முடிச்சுகள் சில அவிழும். இன்னும் ஆடாதவர்கள் பார்த்துப் படிக்கவும்.

வரிசையாக எல்லாப் பணிகளையும் முடித்துவிட்டேன். ஒரு கதையும் பிடிபடவில்லை. உண்மையில் கதை என்று ஒன்று இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் யாரும் உட்காரவைத்துச் சொல்ல மாட்டார்கள். நீங்கள் ஆடுவது லாஸ் சுவெனோஸ் என்ற கற்பனை கலிபோர்னிய நகரத்து அதிரடிப்படைத் தலைவர் ‘ஜட்ஜ்’ பியூமான்ட்டாக. அதிரடிப்படைக்கு வழக்கின் நடுப்பக்கம் மட்டும்தான் தெரியும். புகார் எப்படி வந்தது என்பதை அரைகுறையாகக் கேட்பார்கள், உள்ளே போவார்கள், விலங்கு மாட்டுவார்கள், வெளியே வந்துவிடுவார்கள். விசாரணையும் நீதிமன்றமும் வேறு ஆட்களின் வேலை. கதையும் அந்த அளவில்தான் உங்களுக்குக் கிடைக்கிறது.

கண்டுபிடிக்க வழி இது. பணிக்குக் கிளம்புமுன் காவல் நிலையத்தில் காட்டும் கோப்பை முழுதாகத் திறந்து, 911 (அமெரிக்க அவசர உதவி எண்) அழைப்பின் ஒலிப்பதிவைக் கடைசி வரை கேளுங்கள். உள்ளே எல்லோரையும் அடக்கிய பிறகு உடனே நிலையத்துக்குத் திரும்பாதீர்கள். பணி முடிந்தது என்று திரையில் வந்த பின்னும் நீங்களாக வெளியேறும் வரை அந்த இடம் உங்களுடையது. டார்ச்சைப் போட்டுக்கொண்டு அறை அறையாகப் போங்கள். கணினித் திரைகள், சுவரில் ஒட்டிய தாள்கள், குளியலறை, படுக்கையின் கீழ், பூட்டியிருந்த அறை என்று பாருங்கள். கடைசியாக, நிலையத்துக்குத் திரும்பியதும் கூடங்களில் ஒரு சுற்று நடங்கள். முந்தைய வழக்கின் எதிரொலி அங்கே பேச்சாகவும் ஆட்களாகவும் நிற்கும்.

ஒரே ஒரு இழையைப் பிடித்துப் பாருங்கள். ‘23 மெகாபைட்ஸ் எ செகண்ட்’ பணியில் ஒரு ஸ்ட்ரீமரின் (இணையத்தில் நேரலையாகத் தோன்றுபவர்) அடுக்குமாடி வீட்டுக்குள் நுழைகிறீர்கள். பணியின் பெயரே ஒரு பதிவிறக்க வேகம். என்ன இறங்கிக்கொண்டிருக்கிறது என்பதை அந்த வீட்டுக் கணினியில் போய்ப் பார்க்காதவருக்கு அது வெறும் பெயர்; பார்த்தவருக்கு வழக்கே மாறிவிடும். அங்கிருந்து ‘தி ஸ்பைடர்’ பணியின் பிரிக்ஸ்லி என்ற சிறுவர் திறமை நிறுவனம், பிறகு ‘சினுவஸ் ட்ரெயில்’ பணியின் மைன்ட்ஜாட் தரவு மையம், பிறகு ‘வேலி ஆஃப் தி டால்ஸ்’ பணியில் அமோஸ் வோல் என்ற பணக்காரரின் மாளிகை. சிறாரைச் சுரண்டும் ஒரே வலைப்பின்னலின் நான்கு முனைகள் இவை: பார்ப்பவன், பிடித்துக் கொடுப்பவன், சேமித்து வைப்பவன், பணம் உள்ளவன். இடையிடையே சம்பந்தமில்லாத வழக்குகள் புகுந்துவிடுவதால் தொடர்ச்சி நழுவிவிடுகிறது. இந்த நான்கை மட்டும் அடுத்தடுத்து ஒரே நாளில் ஆடிப் பாருங்கள்.

மைன்ட்ஜாட் பணியில் நிற்கும் ஃபைசா (FISA) ஆட்கள் யார்? நல்லவர்களா, பெரிய மனிதர்களைக் காப்பாற்ற ஆதாரத்தை அமுக்குகிறவர்களா?

எங்களுக்கு அதிகமாக வந்த கேள்வி இது. ஃபைசா இந்த விளையாட்டுக்காகவே உருவாக்கிய மத்திய அரசு அமைப்பு. அவர்கள் ஊழல்வாதிகள் என்று விளையாட்டு எங்கும் தீர்ப்பு எழுதவில்லை. நல்லவர்கள் என்று நற்சான்றும் தரவில்லை. இணையத்தில் உலவும் ‘இவர்கள்தான் வோலின் ஆட்கள்’ போன்ற உறுதியான வாசகங்கள் எல்லாம் ஊகம்.

ஆனாலும் சந்தேகம் வரும்படிதான் காட்சியை அமைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரே ஒரு கண்சிமிட்டல். நிஜத்தில் ஃபைசா என்பது அமைப்பு அல்ல, 1978-இல் அமெரிக்கா இயற்றிய அயல்நாட்டு உளவுக் கண்காணிப்புச் சட்டம். அதன்கீழ் ஒரு தனி நீதிமன்றம் உண்டு. உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி நியமிக்கும் 11 நீதிபதிகள், தலா 7 ஆண்டு. அரசுத் தரப்பு மட்டும் வந்து அனுமதி கேட்கும்; கண்காணிக்கப்படுபவருக்கு அப்படி ஒரு மனு போட்டதே தெரியாது. 2013-இல் அமெரிக்க உளவு அமைப்பின் முன்னாள் ஒப்பந்த ஊழியர் ஸ்னோடன் வெளியே கொண்டுவந்த ஆவணங்களில் முதலில் அச்சேறியதே, வெரைசான் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் அழைப்பு விவரங்களை ஒப்படைக்க வேண்டும் என்று அந்த நீதிமன்றம் போட்ட உத்தரவுதான்.

அந்தச் சட்டம் வந்த காரணத்தையும் சேர்த்துப் பாருங்கள். 1956 முதல் 1971 வரை எஃப்.பி.ஐ. ‘கோயின்டெல்புரோ’ என்ற ரகசியத் திட்டத்தில் சொந்த நாட்டு இயக்கங்களுக்குள்ளேயே ஆட்களை நுழைத்தது, குழப்பம் விளைவித்தது, மார்ட்டின் லூதர் கிங்குக்கு மொட்டைக் கடிதம் கூட அனுப்பியது. 1971 மார்ச் 8 இரவு பென்சில்வேனியாவின் மீடியா என்ற ஊரில் எஃப்.பி.ஐ. அலுவலகத்தைச் சிலர் உடைத்துக் கோப்புகளை அள்ளிப் பத்திரிகைகளுக்கு அனுப்பியதில் அது அம்பலமானது. 1975-இல் செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையில் குழு உட்கார்ந்தது. அதன் விளைவுகளில் ஒன்று 1978 சட்டம். ஆக அமெரிக்க ஆட்டக்காரருக்கு, கோட்டு சூட்டில் வந்து பேசாமல் நிற்கும் மத்திய அரசு ஆளைக் காட்டினாலே போதும். மீதியை அவரே நிரப்பிக்கொள்வார். விளையாட்டு அந்தப் பழக்கத்தைச் சாமர்த்தியமாகப் பயன்படுத்துகிறது என்பது எங்கள் கணிப்பு.

ஒரு காகிதத்தில் மூன்று பத்தி போடுங்கள்: கண்ணால் கண்டது, பாத்திரம் ஒருவர் சொல்லக் கேட்டது, நாமாக ஊகித்தது. ஃபைசா பற்றி நீங்கள் நம்புவதை எல்லாம் எழுதினால் முதல் பத்தி கிட்டத்தட்ட காலியாக இருக்கும். மைன்ட்ஜாட் பற்றி எழுதினால் நிரம்பி வழியும்.

நிஜத்தில் உள்ளூர் போலீஸ் பிடித்த சர்வரை மத்திய ஆட்கள் வந்து எடுத்துக்கொண்டு போக முடியுமா? எங்கள் ஊர்க் கதைகளில் வருவது போல ‘இனி இது எங்கள் கேஸ்’ என்பார்களா?

எடுத்துப் போகலாம், ஆனால் அடாவடியாக அல்ல. அமெரிக்காவில் மாநிலமும் மத்திய அரசும் தனித்தனி இறையாண்மை. ஒரே செயலுக்கு இரண்டும் தனித்தனியே வழக்குப் போடலாம். 2019-இல் ‘கேம்பிள்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மீண்டும் உறுதி செய்தது. அதனால் பறித்துக்கொள்ள வேண்டிய தேவை குறைவு, பங்கு போடுவதுதான் வழக்கம்.

சிறார் தொடர்பான இணையக் குற்றங்களில் அது இன்னும் தெளிவு. அமெரிக்க இணைய நிறுவனங்கள் இத்தகைய கோப்புகளைக் கண்டால் காணாமற்போன, சுரண்டப்பட்ட சிறாருக்கான தேசிய மையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அங்கிருந்து தகவல் பெரும்பாலும் 1998-இல் தொடங்கிய கூட்டுப் பணிக்குழுக்களுக்குப் போகும். நாடு முழுக்க 61 குழுக்கள். உள்ளூர், மாநில, மத்திய அதிகாரிகள் ஒன்றாகவே வேலை செய்கிறார்கள். மைன்ட்ஜாட் போன்ற இடத்தில் மத்திய ஆட்கள் நிற்பது சதிக்கு ஆதாரமே அல்ல, நிற்காவிட்டால்தான் ஆச்சரியம்.

சந்தேகப்பட வேண்டிய இடம் வேறு. ஒவ்வொரு பொருளும் யார் கையிலிருந்து யார் கைக்கு, எந்த நேரத்தில் போனது என்ற பதிவு அறுபடக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் மின்சாரத்தைச் சட்டென்று பிடுங்கக் கூடாது. வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால் சாவி நினைவகத்தில்தான் இருக்கும், அணைத்தால் போய்விடும். எனவே முதலில் நினைவகத்தைப் படியெடுப்பார்கள். பிறகு வட்டில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் கருவியை மாட்டி முழு நகல் எடுத்து, மூலத்துக்கும் நகலுக்கும் ஹாஷ் எண் (தரவின் கைரேகை போன்றது) ஒன்றுதானா என்று ஒப்பிடுவார்கள். கையெழுத்தில்லாமல் வண்டியில் ஏற்றப்பட்ட ஒரு சர்வர், கறுப்புக் கண்ணாடி போட்ட பத்து ஆட்களைவிடச் சந்தேகத்துக்குரியது. (சர்வர் அடுக்குகளுக்கு நடுவே துப்பாக்கிச் சண்டை போட்டு ஆதாரத்தைச் சல்லடையாக்கும் நம்மை மட்டும் இந்த விளையாட்டில் யாரும் கேள்வி கேட்பதில்லை.)

இன்னொன்று: சி.ஐ.ஏ.வுக்கு உள்நாட்டில் போலீஸ் அதிகாரம் கிடையாது என்று 1947 சட்டமே சொல்கிறது. கதைகளில் வரும் ‘உளவாளிகள் வந்து கைது செய்தார்கள்’ பெரும்பாலும் தவறு.

சாதாரண உடையில், கையில் துப்பாக்கியுடன் ஒருவர் நிற்கிறார். குற்றவாளியா, அரசு ஆளா, காவலாளியா தெரியவில்லை. சுடுவதா வேண்டாமா?

யாராக இருந்தாலும் முறை ஒன்றுதான். முதலில் கத்த வேண்டும் (கணினியில் எஃப் பொத்தான்). அவர் துப்பாக்கியை உங்களை நோக்கித் திருப்புமுன் சுட்டால், அனுமதியில்லாத பலப்பிரயோகம் என்று மதிப்பெண் போகும். கீழே போட்டால் விலங்கு, பிறகு கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல், பிறகு துப்பாக்கியை ஆதாரமாக எடுத்தல். கை தூக்கியவரிடம் அவசரமாக நெருங்காதீர்கள். சரணடைவது போல நடித்து ஆயுதம் உருவுபவர்கள் உண்டு. ஒருவர் குறிபார்த்து நிற்க, இன்னொருவர் விலங்கு மாட்டட்டும்.

பொதுமக்களுக்கும் விலங்கு உண்டு. நிஜ அதிரடிப்படையின் நடைமுறையும் இதுதான்: அடையாளம் வெளியே சரிபார்க்கப்படும், உள்ளே அல்ல. அடையாள அட்டையை நீட்டினால் நம்பிவிடும் அவசியம் உங்களுக்கு இல்லை.

உச்ச மதிப்பான ‘எஸ்’ தரம் வேண்டுமென்றால் குற்றவாளி உட்பட ஒருவரும் சாகக் கூடாது. அதற்குத் தோதான ஏற்பாடு: உயிர் பறிக்காத பீன்பேக் துப்பாக்கி, கண்கூசவைக்கும் ஃபிளாஷ்பேங் குண்டு, கதவடியில் நுழைத்துப் பார்க்கும் மிரர்கன், பின்பக்கக் கதவுகளை அடைக்கக் கட்டைகள். கண்ணீர்ப் புகை எடுத்தால் உங்களுக்கும் முகமூடி வேண்டும். முகமூடி போட்ட எதிரியிடம் அது பலிக்காது. கதவை முழுதாகத் திறக்குமுன் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள், கம்பி கட்டிய வெடி இருக்கலாம். பெரும்பாலான தோல்விக்குக் காரணம் குறி தவறுவது அல்ல, கடந்துவந்த கதவு வழியாக எதிரி பின்னால் வருவது.

உயிரோடு பிடிப்பதில் கதைக்கும் லாபம் உண்டு. பிடிபட்டவர்கள் பேசுவார்கள், புலம்புவார்கள், திட்டுவார்கள். பல துணுக்குகள் அந்தப் பேச்சில்தான் இருக்கின்றன.

‘23 மெகாபைட்ஸ்’ பணியில் போல ஸ்ட்ரீமர் வீட்டுக்குப் பொய் அழைப்பு கொடுத்துப் போலீஸை அனுப்புவது நிஜத்தில் நடக்கிறதா?

நடக்கிறது. 2017 டிசம்பர் 28 அன்று கான்சாஸின் விச்சிட்டாவில், ஆன்லைன் விளையாட்டுத் தகராறில் ஒருவர் போட்ட பொய் அழைப்பால் எந்தச் சம்பந்தமும் இல்லாத 28 வயது இளைஞர் தன் வீட்டு வாசலில் போலீஸ் குண்டுக்குப் பலியானார். அழைத்தவருக்கு 2019-இல் 20 ஆண்டு சிறை.

எழுத்தாளர்களுக்கு முடிவு யோசிக்கத் தெரியாமல் ‘மர்மம்’ என்று சமாளிக்கிறார்களா?

பாதி நியாயமான சந்தேகம். இதன் மூதாதை 2005-இல் இர்ரேஷனல் கேம்ஸ் தந்த ‘ஸ்வாட் 4’. அதிலும் கட்சீன் (இடையே ஓடும் கதைக் காட்சி) இல்லை, 911 ஒலிப்பதிவும் அறைகளும்தான். ஃபேர்ஃபாக்ஸ் வீட்டில் தாயும் மகனும். நிலவறைக்கு இறங்கினால் சுவரில் பிளாஸ்டரில் வார்த்த முகங்கள். யாரும் விளக்கவில்லை, விளக்கத் தேவையும் இல்லை. அந்த மௌனம் ஒரு வீட்டோடு முடிந்துவிடுகிறது.

‘ரெடி ஆர் நாட்’ அதே மௌனத்தை, முழுப் பதிப்பு வந்தபோது இருந்த 18 பணிகளுக்கு நீட்டுகிறது. தனித்தனி வீடுகளில் அது அபாரமாக வேலை செய்கிறது. நகரம் தழுவிய சதி என்று வரும்போது தள்ளாடுகிறது. ஒரு நிறுவனம் கெட்டுப்போயிருப்பதைச் சுவரில் ஒட்டிய தாளால் மட்டும் காட்டுவது கஷ்டம். ஃபைசாவிடம் ஒரே ஒரு கையெழுத்திட்ட உத்தரவையாவது நம் கண்ணில் காட்டியிருந்தால், தீர்ப்புச் சொல்லாமலே கதை இன்னும் கனத்திருக்கும்.

நண்பர்களோடு ஐந்து பேராக ஆடினால் கதை பிடிபடுமா?

பிடிபடாது. ஐந்து பேரில் ஒருவர் எப்போதும் அடுத்த கதவில் இருப்பார். முதல் முறை கணினி வீரர்கள் நால்வரோடு ‘கமாண்டர்’ முறையில் தனியாக ஆடுங்கள்; சிவப்பு, நீலக் குழுக்களை வாசலில் நிறுத்திவிட்டு அறைகளை நீங்களே பாருங்கள். அந்த முறையில் வீரர்களுக்கு மன அழுத்தம் ஏறும், கவனிக்காமல் விட்டால் வேலையை விட்டே போய்விடுவார்கள் என்பதால், கொலை அதிகமான பணிக்குப் பின் அவர்களை மனநல ஆலோசகரிடம் அனுப்ப மறக்க வேண்டாம்.