ஜிக்கில் போல்ட்டை நம்பி ஓட்டையை இடத்தில் நிறுத்தாதீங்க

எம்12 போல்ட் போட்டு ஜிக்கில் (பீஸை அசையாம பிடிக்கிற சட்டத்தில்) இறுக்கித்தான் பற்றவைக்கிறேன், ஆனா பிராக்கெட்டை வெளியே எடுத்தா 14 மி.மீ. ஓட்டைகள் 2 மி.மீ. தள்ளி நிக்குதுன்னு சொல்றீங்க. 14 ஓட்டைக்குள்ள 12 போல்ட் எந்தப் பக்கமும் 1 மி.மீ. நகரும் சார். போல்ட்டு இறுக்கிப் பிடிக்கும், இடம் காட்டாது.

இடம் காட்ட, லேத்தில் 13.9 மி.மீ.-க்குக் கடைஞ்ச உருளைக் கம்பி, அதாவது ‘பின்’ (pin), போடுங்க. மூலைக்கு மூலை எதிரா ரெண்டு போதும். நாலு ஓட்டைக்கும் போட்டா பிராக்கெட் தட்டு இறங்கவே அடம் பிடிக்கும். ஒரு பின் முழு உருண்டையா இருக்கட்டும். இன்னொண்ணில், முதல் பின்னைப் பார்த்த பக்கத்தையும் அதுக்கு எதிர்ப் பக்கத்தையும் அரைச்சு ஒல்லியாக்குங்க. ஓட்டைகளோட இடைவெளி கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் உட்காரும், தட்டு திரும்பாது. மீதி ரெண்டு ஓட்டையில் உங்க போல்ட்.

அடுத்தது, வெல்டு ஆறும்போது சுருங்கித் தட்டை இழுக்கிறது. முதல்ல எதிரெதிரா டாக் (பிடிச்சு நிறுத்தச் சின்னப் புள்ளி வெல்டு) வைங்க. ஒரே மூச்சில் ஓட்டாம, பக்கம் மாத்தி மாத்திச் சின்னச் சின்னதா வெல்டு இழுங்க. கை வைக்கிற சூடுக்கு ஆறின பிறகுதான் கழட்டணும். அப்பவும் பின் உருவ வராம இறுகினா வெல்டு தட்டை இழுக்குதுன்னு அர்த்தம். வெல்டு அளவைக் குறைக்க முடியுமான்னு பாருங்க.

தட்டுக்கு அடியில் ஒரு ஸ்பேட்டர் (வெல்டிங்கில் தெறிச்சு உறைஞ்ச உலோகம்) துளி கிடந்தாலும் மேலே சொன்னது அத்தனையும் வீண். ஒவ்வொரு பீஸுக்கும் துடைங்க.