ஆர்மரை மட்டும் நம்பி எர்த் கொடுக்கலாமா?

கேள்வி: மெயின் பேனலிலிருந்து 100 மீட்டர் தள்ளியிருக்கும் கொட்டகைக்கு, 16 சதுர மி.மீ. செம்புக் கோர்கள் (உள்கம்பிகள்) கொண்ட ஆர்மர்டு கேபிளைப் புதைத்திருக்கிறோம். பிரேக்கர் 63 ஆம்பியர், ‘சி’ வகை. கோர்களைச் சுற்றிக் காப்பாக இருக்கும் எஃகுக் கம்பி உறையான ஆர்மரே எர்த்துக்குப் போதும், தனிக் கம்பி வீண்செலவு என்கிறார் எலக்ட்ரீசியன். சரிதானா?

பதில்: ஆர்மரை எர்த் கடத்தியாகப் பயன்படுத்துவது தவறன்று. ஆனால் அது போதுமா என்பதைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டுமே தவிர, கேபிளின் பருமனைப் பார்த்துச் சொல்லக் கூடாது.

மிச்சமிருக்கும் துண்டில் ஆர்மர் கம்பிகளை எண்ணி, ஒன்றின் விட்டத்தை வெர்னியரால் அளந்து பாருங்கள். 1.25 மி.மீ. விட்டத்தில் 30 கம்பிகள் இருப்பதாகக் கொண்டால் மொத்தப் பரப்பு சுமார் 37 சதுர மி.மீ. வரும். எஃகின் மின்தடை செம்பைப் போல் ஏறத்தாழ 8 மடங்கு என்பதால், கேட்பதற்கு நிறைவான இந்த 37, உண்மையில் 5 சதுர மி.மீ.க்கும் குறைவான செம்புக் கம்பிக்கே சமம். 100 மீட்டருக்கு ஆர்மரின் தடை சுமார் 0.375 ஓம், பேஸ் கோரின் 0.115 ஓமையும் சேர்த்தால் 0.49 ஓம். கொட்டகையில் பேஸ் கம்பி பெட்டியின் உடலைத் தொட்டால், சப்ளையின் தடையைச் சேர்க்காமலேயே, 230 வோல்ட்டில் 470 ஆம்பியர்தான் பாயும். உங்கள் ‘சி’ வகை பிரேக்கர் உடனே விழும் என்று உறுதி சொல்ல, அதன் அளவைப் போல் 10 மடங்கு, அதாவது 630 ஆம்பியர் வேண்டும். அது விழும்வரை பெட்டியின் உடலில் 175 வோல்ட் அளவுக்கு நிற்கும்; அந்தச் சில நொடிகளில் யாருடைய கை அதன்மேல் இருக்கும் என்பது நம் வசத்தில் இல்லை. ஆர்மர் சூடேறி உருகிவிடும் என்றுதான் பலர் அஞ்சுகிறார்கள். இந்த மின்னோட்டத்தை அந்த எஃகு எளிதாகத் தாங்கும். இங்கே குறை, மின்னோட்டம் போதாமல் போவதே.

எனவே கேபிளில் உபரிக் கோர் இருந்தால் அதையும், இல்லையெனில் கேபிளை ஒட்டி 16 சதுர மி.மீ. செம்புக் கம்பி ஒன்றையும் எர்த்தாகக் கொடுங்கள். அதே கணக்கில் மின்னோட்டம் 1000 ஆம்பியருக்கு உயரும். அப்போதும் ஆர்மரை எர்த்துடன் இணைத்தே ஆக வேண்டும். கடப்பாரை கேபிளைத் துளைத்தால் முதலில் பேஸைத் தொடுவது ஆர்மர்தான்.

கணக்கு சரியாக வந்தாலும், கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் அதைப் பிடித்து நிறுத்தும் கிளாண்டு கெடுத்துவிடும். ஓரிடத்தில் நான் கழற்றிப் பார்த்த கிளாண்டில், ஆர்மர் கம்பிகள், அவற்றை இறுக்கிப் பிடிக்க வேண்டிய கூம்புக்கு எட்டாமல் முன்னதாகவே வெட்டப்பட்டு, மேலே டேப் சுற்றப்பட்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தவருக்குக் குறையே தெரியாது. பெயின்ட் பூசிய தகட்டையும் நம்ப வேண்டாம். கிளாண்டின் எர்த் வளையத்திலிருந்து எர்த் பட்டைக்குத் தனிக் கம்பி இழுத்துவிட்டு, சப்ளை கொடுப்பதற்கு முன் இரு முனைகளுக்கும் இடையிலான தடையைக் குறைந்த ஓம் அளக்கும் கருவியால் அளந்து, கணக்கில் வந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். இன்சுலேஷன் பார்க்கும் மெக்கர் இந்த வேலைக்கு உதவாது.

கேள்வி: ஒற்றைக் கோர் கேபிளுக்கு அலுமினிய ஆர்மர் போடுவது ஏன்?

பதில்: ஒரே கோரில் மாறுமின்னோட்டம் ஓடும்போது, அதன் காந்தப்புலத்தைச் சமன்செய்ய உள்ளே வேறு கோர் இல்லை. எஃகு ஆர்மராக இருந்தால் அந்தப் புலத்தால் காந்தமேறி வீணாகச் சூடாகும். அலுமினியம் காந்தமேறாத உலோகம்.