பதினைந்து நாள் கெடாமல் இருக்கப் பலாவுக்கு என்ன தெளிப்பது?

கேள்வி: ஐயா, வணக்கம். பண்ருட்டிக்குப் பக்கத்தில் முந்திரித் தோப்பை ஒட்டி எங்களுக்கு 41 பலா மரங்கள் இருக்கின்றன. பாதி என் மாமனார் காலத்து மரங்கள். மீதி, 2011 தானே புயலில் சாய்ந்தவற்றுக்குப் பதிலாகக் கொட்டை போட்டு வளர்த்தவை. போன வருடம் ஒரு தரகர் மூலம் லண்டனுக்கு 120 காய் கொடுத்தோம். பாதி அழுகிவிட்டது, சில காய் பழுக்கவே இல்லை என்று சொல்லிப் பணத்தைப் பிடித்துக்கொண்டார். இந்த வருடம் 15 நாள் தாங்கும்படி ஒரு மருந்து தருகிறேன், ஏற்றுமதிப் பதிவுக்கு 40,000 ரூபாய் கட்டுங்கள் என்கிறார். பெட்டிக்குள் ‘சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் பழம்’ என்று ஒரு தாளும் வைக்கப்போகிறாராம். எந்த மருந்து நல்லது? பணம் கட்டலாமா? எங்கள் கிணற்றடி மரத்துச் சுளைக்கு உறவுக்காரர்கள் அடித்துக்கொள்வார்கள். அதை நம்பித்தான் இதில் இறங்கினோம்.

பதில்: அம்மா, எந்த மருந்தும் வேண்டாம். வெட்டிய பலாவைப் பதினைந்து நாள் காப்பாற்றுகிற மருந்து என்று பாட்டிலில் எதைக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பிரிட்டனிலும் ஐரோப்பிய நாடுகளிலும், தனி வரம்பு வகுக்கப்படாத பூச்சிமருந்தோ பூசணமருந்தோ கிலோவுக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அங்கே சோதனையில் மாட்டினால் சரக்கு முழுவதும் போகும். அப்போதும் தரகர் உங்கள் பணத்தைத்தான் பிடித்துக்கொள்வார்.

காயைத் தாங்க வைப்பது குளிர்ச்சி. 13 டிகிரி அளவில், ஈரப்பதம் நிறைந்த அறையில், அடிபடாத முற்றிய காய் இரண்டு வாரத்துக்கு மேலேயே நிற்கும். இன்னும் குளிராக இருந்தால் இன்னும் நல்லது என்று காய்கறி லாரிக்காரர்கள் நினைப்பார்கள். பலாவுக்கு அது சரிப்படாது. 12 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுக்கும், சுளை பழுப்பேறும், வெளியே எடுத்ததும் மணமே வராமல் அழுகும். ‘சில காய் பழுக்கவே இல்லை’ என்றார்களே, அது குளிரில் அடிபட்டதாகவும் இருக்கலாம், பிஞ்சாக வெட்டியதாகவும் இருக்கலாம். எனக்குப் பின்னதில்தான் சந்தேகம்.

ஏனென்றால் நீங்கள் எழுதியதில் நான் தேடிய ஒரு விவரம் இல்லை. அந்த 120 காயும் எந்தெந்த மரத்துக் காய்? காய் பிடித்து எத்தனை நாளில் வெட்டினீர்கள்? என்னிடம் கேட்டிருக்க வேண்டியது இதைத்தான்.

பலாவில் அயல் மகரந்தச் சேர்க்கை நடக்கிறது. கிணற்றடி மரத்துக் கொட்டையைப் போட்டால் கிணற்றடி மரம் வராது. உங்கள் 41 மரமும் 41 ரகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று 100 நாளில் முற்றும், இன்னொன்றுக்கு 150 நாள் ஆகும். ஒன்றில் சுளை கெட்டியாக இருக்கும், ஒன்று கூழாக வழியும். இத்தனையையும் ஒரே நாளில் வெட்டி ஒரே இடத்தில் அடுக்கினால், முன்னால் பழுக்கிற காய் எத்திலீன் வாயுவை விடும், அது பக்கத்துக் காய்களையும் பழுக்க வைக்கும். நானே ஒரு முறை, ஐந்து தோட்டத்துக் காய்களைச் சேர்த்து அனுப்ப யோசனை சொன்னேன். மூன்றாம் நாள் கிடங்கைத் திறந்தால் பழ வாசனை ஆளைத் தள்ளியது. ஒரு வரிசை பிளந்து கிடந்தது, அடுத்த வரிசையில் கத்தி இறங்கவில்லை. தவறு என்னுடையது. அன்றிலிருந்து, மரத்துக்கு எண் போடாதவரிடம் நான் ஏற்றுமதி பேசுவதில்லை.

சரி, என்ன செய்ய வேண்டும்? இது தை மாதம், பிஞ்சு இறங்குகிற நேரம். ஒவ்வொரு மரத்திலும் தகரத்தில் எண் எழுதிக் கட்டுங்கள். ஆணி அடிக்க வேண்டாம், கயிறு போதும். காம்பு தடித்து, அடியில் வளையம் போட்ட மாதிரி இருப்பது பெண் பிஞ்சு. அதற்கு மட்டும் நூல் கட்டுங்கள், வாரத்துக்கு ஒரு நிறம். சிறிதாக, மெலிந்த காம்போடு இருப்பது ஆண். அது கறுத்து உதிர்வது இயல்பு, பயந்துபோய் மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். நோட்டில் மர எண், நூலின் நிறம், தேதி. காய் முற்றியதும் வெட்டி, வீட்டிலேயே பழுக்க வைத்து, எத்தனை நாளில் பழுத்தது, சுளை எப்படி என்று பக்கத்தில் எழுதுங்கள். ஒரு பருவம் இப்படி எழுதிவிட்டால் அடுத்த பருவம் எந்த மரத்தில் எந்த நாளில் ஏறலாம் என்று நோட்டே சொல்லும்.

அதுவரை பழைய அடையாளங்கள் இருக்கவே இருக்கின்றன: முள் விரிந்து மழுங்கும், காம்பை ஒட்டிய இலை மஞ்சளாகும், தட்டினால் ‘டொக்’ என்று உள்ளடங்கிய சத்தம் வரும். மண்டியில் விரல் முட்டியால் தட்டியே சொல்லிவிடுகிற பெரியவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் சொல்வது நாளைக்கு விற்கிற காய்க்கு. பத்து நாள் கழித்துச் சாப்பிடுகிற காய்க்கு நோட்டு வேண்டும்.

ஒரே காம்பில் இரண்டு மூன்று பிஞ்சு ஒட்டிக்கொண்டு தொங்கினால் நல்லது ஒன்றை விட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். காயும் காயும் உரசுகிற இடத்தில்தான் காய்த் துளைப்பான் புழு நுழையும். துளை விழுந்த காயை ஏற்றுமதிக்குத் தாவரச் சுகாதாரச் சான்று தருகிற அதிகாரி ஒதுக்கிவிடுவார். எடுத்த பிஞ்சு வீண் இல்லை, பலாமூசாகக் கறிக்கு விற்கலாம். மரத்தில் காய் குறைகிறதே என்று உங்கள் வீட்டில் வருத்தப்படுவார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்.

வெட்டும் நாளில் ஒரே விதி, காய் தரையைத் தொடக் கூடாது. கயிற்றில் கட்டி இறக்குங்கள். ‘பொத்’தென்று விழுந்த காய் வெளியே நன்றாகத்தான் தெரியும், நாலாம் நாள் உள்ளே கறுத்திருக்கும். போன வருடம் பாதி அழுகியதற்கு இதுவும் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். காம்பை நாலு விரல் விட்டு வெட்டி, நிழலில் வைக்கோல் மேல் சாய்த்துப் பால் வடிய விடுங்கள். பெரிய காய்க்கு ஆசைப்படாதீர்கள். விமானக் கட்டணம் தோல், சடை, தண்டு எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். இருபது கிலோ காயில் சுளை ஆறேழு கிலோ தேறும். ஐந்தாறு கிலோ காய்தான் அங்கே ஒரு குடும்பம் தூக்கிக்கொண்டு போகிற காய்.

பணத்துக்கு வருகிறேன். கட்டாதீர்கள். ஏற்றுமதியாளர் எண் வாங்க அரசுக் கட்டணம் 500 ரூபாய். அதையும், வேளாண் பொருள் ஏற்றுமதிக்கான மத்திய அரசு அமைப்பான அபேடாவின் பதிவையும் வைத்திருக்க வேண்டியது ஏற்றுமதி செய்கிறவர், காய் விற்கிற நீங்கள் அல்ல. 40,000 கேட்கிறவரிடம் அவருடைய பதிவுச் சான்றையும், போன வருடச் சரக்குக்கு வாங்கிய தாவரச் சுகாதாரச் சான்றின் நகலையும் கேளுங்கள். காட்டவில்லை என்றால் பேச்சை நிறுத்துங்கள். ‘ஏற்றுமதி ரகச் சிவப்புப் பலா’ என்று கன்று விற்க வருவார்கள், அவர்களிடமும் இதே கண்டிப்பு வேண்டும். தாய் மரத்தைக் காட்டாதவரிடம் கன்று வாங்காதீர்கள்.

அந்தத் தாளைப் பெட்டியில் வைக்க விடவே விடாதீர்கள். பழுத்த சுளை 100 கிராமில் சர்க்கரை மட்டும் 19 கிராம் அளவுக்கு இருக்கிறது. 2021-இல் வெளியான ஆந்திரத்து ஆய்வு ஒன்றில் நீரிழிவுக்காரர்கள் தினம் 30 கிராம் பலாக்காய் மாவை அரிசி, கோதுமைக்குப் பதிலாகச் சாப்பிட்டார்கள். பன்னிரண்டு வாரத்தில் அவர்களுக்குச் சர்க்கரை அளவு குறைந்தது. அது காய் மாவு, பழம் இல்லை. சிறிய ஆய்வும்கூட. இதைப் பழத்தின் மேல் ஒட்டினால், நம்பிச் சாப்பிடுகிற நோயாளிக்குக் கெடுதல். உண்மையைச் சொன்னாலே பலாவுக்குப் பெருமைதான்: 100 கிராமில் பொட்டாசியம் 450 மில்லிகிராமை ஒட்டி, வைட்டமின் சி 14 மில்லிகிராம் அளவு, பி6 நல்ல அளவு, சக்தி 95 கலோரி. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அந்தப் பொட்டாசியத்துக்காகவே மருத்துவரைக் கேட்டுச் சாப்பிட வேண்டும், அதையும் எழுதலாம்.

கடைசியாக அந்தக் கிணற்றடி மரம். அதன் கொட்டையை இனி நட வேண்டாம். ஒட்டுக் கட்டத் தெரிந்தவரை அழைத்து அதிலிருந்து பத்து ஒட்டுக் கன்று எடுங்கள். பாலூர் ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குப் பக்கம்தான், ஒட்டுக் குச்சி எடுக்கிற பருவத்தை அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை ஆட்டுக்குத் தழை வேண்டும் என்று அந்த மரத்தில் யாரையும் ஏற விடாதீர்கள்.